பங்கு போட்ட மாத்திரை

மலைக்கு மாற்றல் ஆணை கையில் கிடைத்ததும் உங்களில் பாதிப் பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ராசிபுரத்தில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, கொல்லிமலையில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோது, ஆறு மாதத்தில் எப்படியாவது கீழே ஓடிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது வருஷம் கழித்து ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கு அழுதது வேறு விஷயம்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் மருந்தாளுநர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். மாத்திரையை எப்படி அடுக்குவது, எப்படி எண்ணுவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்கிறேன். பெரிய தப்பு. நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கும், கூடவே சிரிப்பும் வரும். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா வந்த முதல் வருஷம். ஊரடங்கு என்றார்கள், மலைக்கு வரும் பஸ் எல்லாம் நின்றது. அதுவரை என் ஜன்னலில் காலை எட்டரைக்கே நூறு கை நீளும். "வரிசையில நில்லுங்க, வரிசையில நில்லுங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போகும். கூட்டமே இல்லாத ஒரு நாள் கிடைக்காதா என்று ஏங்கியவள் நான். கிடைத்தது. முதல் நாள் அலமாரியைத் துடைத்தேன். இரண்டாம் நாள் மறுபடியும் துடைத்தேன். மூன்றாம் நாள் துடைக்க ஒன்றுமில்லாமல் நோயாளிகள் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். அப்போதுதான் உறைத்தது. பிரஷர்காரர்கள், சர்க்கரைக்காரர்கள், வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர்கள், ஒருத்தர் முகத்தையும் காணோம். மாத்திரை தீர்ந்துபோகும் தேதி மட்டும் வரிசையாக வந்துகொண்டிருந்தது.

ஏன் வரவில்லை? பஸ் இல்லை, அது ஒன்று. பேளுக்குறிச்சிச் சந்தையும் நின்றுபோயிற்று, சந்தைக்குப் போகிற சாக்கில் அங்கே மெடிக்கல் கடையில் வாங்கிக்கொள்கிறவர்களுக்கும் வழி அடைபட்டது. இதையெல்லாம்விடப் பெரியது பயம். ஆஸ்பத்திரிக்குப் போனால் மூக்கில் குச்சியை விட்டு, அப்படியே நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று மலை முழுக்கப் பேச்சு. பிரஷர் மாத்திரைக்காக யார் நாமக்கல் போவார்கள்?

சரி, அவர்கள் வராவிட்டால் நாம் போவோம் என்று முடிவு செய்தோம். எங்கள் டாக்டர் சின்ன வயதுக்காரர், நல்ல பிள்ளை. ஜீப்பைக் கொடுத்தார். ஆளுக்கு இரண்டு மாத மாத்திரை கட்டி, கவரில் பெயர் எழுதி, நாடு நாடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று ஏற்பாடு. மலையில் பல ஊர் சேர்ந்த பகுதிக்கு 'நாடு' என்று பெயர். தேவனூர் நாட்டுப் பக்கம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. என் தலையெழுத்து திண்ணனூர் நாட்டில் ஒரு சிற்றூரில் காத்திருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். இருபத்திரண்டு வீடு. ஜீப் ரோடு முடிகிற இடத்திலிருந்து ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

அந்த ஊரில் ஒன்பது பேருக்கு மாத்திரை. அதில் எட்டுப் பேரைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஒன்பதாவது ஆள் செல்லாயி.

செல்லாயிக்கு அப்போது முப்பது வயது இருக்கும். மிளகும் குச்சிக்கிழங்கும் போடுகிற குடும்பம். அவளுக்கு வலிப்பு. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை போட்டு நாலு வருஷமாக ஒரு முறைகூட வரவில்லை. எப்போதும் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு கடைசி ஆளாக ஜன்னலுக்கு வருவாள். முதல் முறை வந்தபோதே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரருக்கு மட்டுந்தானுங்க தெரியும். ஊருக்குத் தெரிஞ்சுதுன்னா பொங்கப் பானை தொட உட மாட்டாங்க. அவரையும் சேத்துப் பேசுவாங்க. கவர்ல வேற என்னமாச்சும் எழுதிக் குடுங்க சாமி." அன்றிலிருந்து அவள் கவரில் நான் 'சத்து' என்றுதான் கொட்டை எழுத்தில் எழுதுவேன். ஊரைப் பொறுத்தவரை செல்லாயி ரத்தம் கம்மியான பெண், மாதா மாதம் சத்து மாத்திரை வாங்குகிறாள், அவ்வளவுதான்.

வலிப்பு மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் நிற்கிற இடம் அடுப்பங்கரை, கிணற்றடி, மிளகு பறிக்கும் ஏணி. கணக்குப்படி அவள் மாத்திரை செவ்வாய்க்கிழமை ராத்திரியோடு தீர்கிறது. நான் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை மத்தியானம். பரவாயில்லை, ஒரு வேளைதான் தவறியிருக்கும் என்று வேகு வேகென்று நடந்தேன்.

ஊர் எல்லையில் இரண்டு மூங்கிலை நட்டு, குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டியாகிவிட்டது! திருவிழாவுக்குத்தான் காப்புக் கட்டுவார்கள். கட்டிவிட்டால் அவிழ்க்கிற வரை வெளியாள் உள்ளே போகக் கூடாது, ஊர்க்காரர் வெளியே தங்கக் கூடாது. நோய் உள்ளே வரக்கூடாது என்று அந்த வருஷம் திருவிழா இல்லாமலே கட்டிவிட்டார்கள். எங்கள் துறை நாள் கணக்கில் மைக் கட்டிச் சொல்லியும் நடக்காத காரியத்தை ஒரு வேப்பிலைக் கொத்து செய்து முடித்திருந்தது. மெச்சிக்கொண்டேன்.

ஊர்க்கவுண்டர் தோரணத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். ஊருக்குத் தலைவர் அவர்தான். துண்டால் மூக்கை மூடியிருந்தார்.

"வாங்க மாத்தரம்மா. உள்ள கூப்புட முடியாதுங்க, கோவிச்சுக்காதீங்க."

"நான் எதுக்குக் கோவிச்சுக்கறேன். இந்தாங்க, ஒம்பது பேருக்கு மாத்திரை. கவர்ல பேர் எழுதியிருக்கேன். பாத்துக் குடுத்துருங்க. நான் வாரேன்."

பையைக் கல்லின் மேல் வைத்தேன். அவர் மஞ்சள் தண்ணீர் தெளித்து எடுத்துக்கொண்டார். எனக்கு இன்னும் நாலு ஊர் பாக்கி. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

தப்பு அங்கேதான். அரை மணி நேரம் அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். காப்புக் கட்டின ஊருக்குள் வெளியிலிருந்து எது வந்தாலும், அரிசியோ உப்போ ஆட்டுக்கறியோ, சாமி முன்னால் வைத்து வீட்டுக்கு ஒரு பங்கு போட்டுத்தான் உள்ளே போகும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு வருஷம் தடுப்பூசி போடப் போன இடத்தில், ஊர்ச்சாமிக்கு வெட்டின ஆட்டில் எனக்கும் பங்கு கொடுத்தார்கள். அன்றைக்கு ஊருக்குள் கால் வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டாம். வீட்டுக்குக் கொண்டுவந்து குழம்பு வைத்துத் தின்றவள் நான். தின்றது ஞாபகம் இருந்தது, முறை மறந்துபோயிற்று.

வியாழக்கிழமை காலையில் போன் வந்தது. அந்த ஊரில் ஒரே ஒரு பாறை மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஊர்க்கவுண்டர் பாறை ஏறி நின்று சந்தோஷமாகப் பேசினார்.

"ஏனுங்க மாத்தரம்மா, ரொம்ப உபகாரமுங்க. நீங்க குடுத்தது எல்லாத்துக்கும் வந்து சேந்துருச்சுங்க."

"ஒம்பது பேரும் வாங்கிட்டாங்களா?"

"ஒம்பதா? இருவத்திரண்டு ஊட்டுக்குமுங்க. சாமிகிட்ட வெச்சு, ஒரு குண்டுமணி கூடக் கொறையாம, அட்டையெல்லாம் கத்தரிச்சுச் சரி சமமாப் பங்கு போட்டுட்டமுங்க."

என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

"பிரஷர் மாத்திரையையுமா? அது உங்களுது கவுண்டரே! உங்க பேர்தானே எழுதியிருந்தேன்?"

"ஊருக்குப் பெரியவன் நானே ஒளிச்சு வெச்சுக்கிட்டா நாயமாங்க?"

"யாராச்சும் வாயில போட்டாங்களா?"

"இன்னும் இல்லீங்க. நாளைக்கு வெள்ளிக்கெழம. விடியால பூசை முடிச்சு எல்லாரும் வெறும் வயித்துல ஒண்ணாப் போட்டுக்கறதுன்னு பேச்சு. கொழந்தைகளுக்குப் பாதி பாதி."

அடக் கடவுளே! ஊர் முழுக்க வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை. குழந்தைகளுக்குப் பாதி பாதி. போனில் நான் போட்ட கூச்சலுக்கு டாக்டர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். "ஒருத்தரும் தொடக் கூடாது! நான் வாரேன்! குழந்தைங்க கைக்கு எட்டாத இடத்துல வைக்கச் சொல்லுங்க!" என்று மூன்று முறை கத்தினேன். "சரிங்க, சரிங்க, எதுக்குங்க இத்தன சத்தம்?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

டாக்டர் விஷயத்தைக் கேட்டதும் வெளுத்துப்போனார். "மேடம், போலீஸ் துணையோட போயிரலாமா?"

"போலீஸ் தொப்பியப் பாத்தா எல்லா மாத்திரையும் பலாமரத்துப் பொந்துக்குள்ள போயிரும் டாக்டர். அப்புறம் நாம தேடிக்கிட்டே இருக்க வேண்டியதுதான். நான் தனியாப் போறேன்" என்றேன்.

ஜீப்பில் ஏறக் காலைத் தூக்கியபோதுதான் செல்லாயி ஞாபகம் முழுசாக வந்தது. அவளுடைய மாத்திரை இருபத்திரண்டு வீட்டில் சிதறிக் கிடக்கிறது. அது என்னுடையது என்று அவள் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் எதற்கு என்று கேட்பார்கள். எல்லா வெள்ளை மாத்திரையையும் நான் வாங்கி அவள் ஒருத்தி கையில் கொடுத்தாலும் அதே கேள்வி வரும். மாத்திரையையும் மீட்க வேண்டும், அவள் ரகசியமும் தோரணத்தைத் தாண்டக் கூடாது. தூக்கின காலைக் கீழே வைத்துவிட்டு மறுபடி உள்ளே ஓடினேன். ரத்தச்சோகைக்குக் கொடுக்கிற சிவப்புச் சத்து மாத்திரைப் பெட்டி ஒன்று, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், ஒரு கட்டு கவர் எல்லாம் அள்ளிக்கொண்டேன். டாக்டரிடம் என்ன செய்யப்போகிறேன் என்று சொன்னேன். சத்து மாத்திரை பெண்களுக்கு மட்டும், வாரத்துக்கு ஒன்று என்று சொல்லிக் கொடுங்கள் என்று அவரும் சம்மதித்தார்.

எல்லையில் ஊர்க்கவுண்டர் காத்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் கலக்கம்.

"தப்பாப் பண்ணிட்டமுங்களா?"

"கவுண்டரே, ஒரு ஊட்டு மருந்து இன்னொரு ஊட்டுக்கு வெசம். எல்லாப் பங்கையும் இங்க கொண்டாரச் சொல்லுங்க. நான் பிரிச்சுத் தாரேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "அது முடியாதுங்களே. சாமி குடுத்த பங்கைத் திருப்பி வாங்கற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நல்ல வேளை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் யோசித்தேன். சட்டம் பேசினால் அவரும் சட்டம் பேசுவார். அவருடைய சட்டம் என்னுடையதைவிடப் பழையது.

"திருப்பி வாங்க வேண்டாம். கறிப் பங்குல ஒருத்தனுக்கு ஈரல் வந்துச்சு, அவனுக்குப் புடிக்காது. பக்கத்து ஊட்டுக்காரன்கிட்டக் குடுத்துட்டு எலும்பு வாங்கிக்கறது உண்டா இல்லையா?"

"அது உண்டுங்க."

"அதேதான் இது. மாத்திக்கப் போறீங்க. யாருக்கு எது ஒத்துக்கும்னு எனக்குத் தெரியும். மாத்தி முடிச்சதும் ஊட்டுக்கு ஒரு கவர், இருவத்திரண்டு கவர் வரும். ஒரு ஊடும் வெறுங்கையாப் போகாது."

மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படிச் சொல்லுங்க! அது நாயமுங்க!"

கால் மணி நேரத்தில் முறம் முறமாக வரத் தொடங்கியது. ஒரு வீட்டுக்கு ஒரு முறம். எல்லைக் கல்லில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நிற்பார்கள், நான் போய் எடுத்துக்கொள்வேன். தோரணத்தை ஒட்டி வரிசையாக வைத்தபோது கல்யாணச் சீர்த்தட்டு வைத்தது போல இருந்தது. இருபத்திரண்டு வீட்டு முறம் முடிந்ததும் ஊர்க்கவுண்டர் இன்னொன்றையும் தூக்கி வந்தார்.

"இது சாமி பங்குங்க. பூப்போட்டு உத்தரவு கேட்டுட்டேன். சாமிக்குப் பிரஷர் இல்லீங்க, எடுத்துக்கங்க."

சிரிப்பை முகக்கவசத்துக்குள்ளேயே விழுங்கிக்கொண்டு ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். யாருக்கு எது போகிறது என்று அவர்களுக்குத் தெரியாத இடம். பிள்ளைகளே, கத்தரித்த அட்டையில் பெயர் இருக்காது. சர்க்கரைக்கும் வெள்ளை, வலிப்புக்கும் வெள்ளை. பருமனையும், நடுவில் இருக்கிற கோட்டையும், அட்டையின் தகட்டையும் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சந்தேகம் வந்ததைத் தனியாகத் தூக்கிப் போட்டேன். அவசரத்தில் 'இதாகத்தான் இருக்கும்' என்று கை போகும். போக விடாதீர்கள்.

செல்லாயி வீட்டு முறத்தை எடுத்தபோது எனக்குப் பாதி உயிர் வந்தது. மற்ற எல்லா முறத்திலும் அவளுடைய மாத்திரை ஐந்து ஐந்தாக இருந்தது, அவள் முறத்தில் மூன்றுதான். புதன் ராத்திரி ஒன்று, வியாழன் காலை ஒன்று. கெட்டிக்காரி! தன் பங்கில் தன்னுடையதைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். தலையை நீட்டிப் பார்த்தேன். பெண்கள் கூட்டத்தில் முந்தானையை வாயில் வைத்தபடி நின்றிருந்தாள்.

எண்ணி முடித்தேன். நான் கட்டிக் கொடுத்தது நூற்றிருபது. முறத்தில் வந்தது நூற்றுப் பதின்மூன்று. செல்லாயி போட்டது இரண்டு. ஐந்து குறைகிறது. மறுபடி எண்ணினேன். ஐந்துதான். பிரஷரிலும் ஒரு பங்கு குறைந்தது, சர்க்கரையிலும் குறைந்தது. அப்படியானால் எவரோ ஒருவர் ஒரு முழுப் பங்கை ஒளித்து வைத்திருக்கிறார். ஒரு வீட்டுக் கூரை இடுக்கில் வலிப்பு மாத்திரை ஐந்து, சர்க்கரை மாத்திரை ஒரு கொத்து. அந்த வீட்டில் நடை பழகுகிற குழந்தை இருந்தால்?

பாறையை விட்டு வெளியே வந்தேன். அதுவரை கட்டி வைத்திருந்த கோபமெல்லாம் அவிழ்ந்துவிட்டது.

"யார் வெச்சிருக்கறது? மரியாதையாக் கொண்டாங்க! ஒரு பங்கு கொறையுது!"

என் கண் நேராகப் பொன்னன் மேல் போனது. வயதான மனிதர். என் ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் முட்டி வலி மாத்திரை ஒரு அட்டை கூடக் கேட்டு வம்பு பண்ணுகிறவர். அன்றும் முறத்தை வைக்கும்போது பிரஷர் மாத்திரையைக் காட்டி "அந்த ரோசு கலரு மட்டும் எனக்கு உட்ருங்க" என்று கேட்டிருந்தார்.

"பொன்னண்ணா, நீங்கதானே? இந்த வயசுல எதுக்குங்க உங்களுக்கு இந்தப் புத்தி?"

"நான் எடுக்கலீங்க."

"பொய் சொல்லாதீங்க! அது என்ன மாத்திரைன்னு தெரியுமா? அது இல்லாம ஒரு பொம்பளப் புள்ள அங்க..."

அவ்வளவுதான் சொன்னேன். கூட்டத்தில் செல்லாயியின் முகம் தெரிந்தது. ரத்தமே இல்லை அந்த முகத்தில். வாயை மூடிக்கொண்டேன். நாலு வருஷமாகக் கவரில் பொய் எழுதிக் காப்பாற்றினதை, ஒரு கோப வார்த்தையில் போட்டு உடைக்கப் பார்த்தேன். இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அப்போது ஊர்க்கவுண்டர் ஓரடி முன்னால் வந்தார்.

"மாத்தரம்மா... இன்னொரு பங்கு இருக்குதுங்க. சொன்னாக் கோவிச்சுக்குவீங்களோன்னு பாத்தேன்."

"யார் வெச்சிருக்கா?"

"நான்தானுங்க வெச்சிருக்கேன். ஆனா என்னுதில்லீங்க." இடுப்பு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பலா இலையில் மடித்து ஈர்க்குச்சி குத்தியிருந்தது. "இது உங்க பங்குங்க. அத்தன தூரம் நடந்து கொண்டாந்தவங்களுக்குப் பங்கு இல்லாம எப்படிங்க? நீங்க வந்தாக் குடுக்கலாம்னு பத்திரமா எடுத்து வெச்சமுங்க."

கல்லில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பிரித்தேன். பிரஷர், சர்க்கரை, எல்லாம் இருந்தது. வலிப்பு மாத்திரை ஐந்து, துல்லியமாக இருந்தது. நான் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன், ஊர் என் பங்கை மடியில் கட்டி வைத்திருந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"பொன்னண்ணா, தப்பாப் பேசிட்டேனுங்க. மன்னிச்சுக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

"அதனால என்னங்க," என்றார் பொன்னன். "அந்த ரோசு கலரு?"

"அது கெடையாது!" என்றேன். ஊரே சிரித்தது.

பாறைக்குப் பின்னால் போய் இருபத்திரண்டு கவர் கட்டினேன். ஒவ்வொன்றிலும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம். பெண்கள் இருக்கிற வீட்டுக்கெல்லாம் சிவப்புச் சத்து மாத்திரை, கவர் மேல் 'சத்து' என்று கொட்டை எழுத்து. பிரஷர், சர்க்கரைக்காரர்கள் எட்டுப் பேருக்கும் அவரவர் மாத்திரை அவரவர் கவரில். செல்லாயி கவரிலும் 'சத்து'தான். உள்ளே இருந்தது மட்டும் நூற்றுப் பதினெட்டு வெள்ளை. இந்த முறை பையை வைத்துவிட்டு ஓடவில்லை. தோரணத்துக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன், ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள், எப்போது போட வேண்டும் என்று என்னிடம் திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவரைக் கூப்பிட்டேன். பொழுது சாய்கிற வரை ஆனது. செல்லாயி வந்தபோது, "சத்து மாத்திரை, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்றேன். "சரிங்க" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, நான் பார்க்காத மாதிரி அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

இவ்வளவு பெரிய கூத்துக்குப் பிறகு ஊர்க்கவுண்டர் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். தினமும் காலையிலும் பொழுது சாய்ந்தும் கோயில் மணியை அடிப்பது. மணி கேட்டதும் மாத்திரைக்காரர்கள் கோயில் முன்னால் வந்து, தள்ளித் தள்ளி உட்கார்ந்து, அவரவர் மாத்திரையை எல்லார் எதிரிலும் போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பு மாத்திரைப் பெண்கள் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வருவார்கள். என் பத்தொன்பது வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காக மாத்திரை போட்ட ஊரை நான் பார்த்ததில்லை. வாரம் ஒரு முறை பாறை மேலிருந்து போன் வரும். அந்த ஊரில் ஒருத்தருக்கும் பிரஷர் எகிறவில்லை, சர்க்கரை இறங்கவில்லை. செல்லாயிக்கு வலிப்பும் வரவில்லை.

நீங்கள் என்னிடம் கேட்கலாம், இதில் எங்களுக்கு என்ன பாடம் என்று. கூட்டம் இல்லாத நாளில் யார் வரவில்லை என்று பாருங்கள். மருந்து ஜன்னலைத் தாண்டினதோடு உங்கள் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், அது யார் வாய்க்குப் போகிறது என்று அந்த ஊர் முறையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோபம் வந்தால், தயவுசெய்து, நோயாளியின் பெயர் உங்கள் நாக்கு நுனியில் இருக்கும்போது பேசாதீர்கள். மற்றதெல்லாம் நீங்களே விழுந்து எழுந்து கற்றுக்கொள்வீர்கள்.

காப்பு அவிழ்த்து, பஸ் ஓடத் தொடங்கிய முதல் வாரம். ஜன்னலில் பழையபடி நூறு கை. நானும் பழையபடி கத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வரிசையின் நடுவில் செல்லாயி! முன்னாலும் பின்னாலும் அவள் ஊர்ப் பெண்கள். கடைசி ஆளாக வருகிறவள் இப்படிக் கூட்டத்தில் வந்து நிற்கிறாளே என்று எனக்குத் திக்கென்றது. வழக்கம் போல அவள் கவரை எடுத்து 'சத்து' என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.

"மாத்தரம்மா, அது வேண்டாமுங்க," என்றாள், உரக்கவே. "வலிப்பு மாத்தரைன்னே எழுதுங்க."

பேனா அப்படியே நின்றது. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "கோயில்ல ஒண்ணா உக்காந்து போடறமில்லீங்க? 'எங்களுது செவப்பா இருக்குது, வாரத்துக்கு ஒண்ணு. உன்னுது மட்டும் என்ன புள்ள வெள்ளையா, தெனமும் ரெண்டு'ன்னு கேட்டாங்க. ரெண்டு வாரம் மழுப்புனேன். அப்பறம் சொல்லிப் போட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'அப்ப அடுப்புகிட்டத் தனியா நிக்காத, நாங்க ஆராச்சும் வாரோம்'னு சொன்னாங்க. அவ்வளவுதானுங்க."

கவரில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, கீழே 'வலிப்பு' என்று எழுதினேன். எழுத்து எழுத்தாக எழுதியதில் கொஞ்சம் நேரமாயிற்று. அவளுக்குப் பின்னால் நின்ற பெண் பொறுமை இழந்து செல்லாயியின் முதுகில் தட்டினாள்.

"வாங்கிட்டு நவுரு புள்ள. பஸ்ஸு போயிருமுல்ல."